காலங்கடந்த விதிகள்: களைவது எங்ஙனம்?

கிராமத்தில் வாழும் ஒருவருக்கு அரசாங்கம் என்பது பெரும்பாலும் ஒரு மேசையும், அம்மேசையில் கிடைக்கும் மனுப் படிவமும், அப்படிவத்துடன் இணைக்க வேண்டிய சான்றுகளின் பட்டியலுமாகவே காட்சியளிக்கிறது. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் இயற்றப்படும் சட்டங்களை அவர் படித்தறிவதில்லை. "இன்னாரிடம் கையொப்பம் பெற்று வருக", "இன்ன பத்திரத்தில் எழுதி வருக" என்ற சொற்களாகவே அச்சட்டங்கள் அவரை வந்தடைகின்றன. கூலி வேலை செய்யும் ஒருவர் ஒரு கையொப்பத்திற்காக வட்டத் தலைநகருக்குச் சென்று வந்தால் அன்றைய ஊதியம் போயிற்று. பேருந்துக் கட்டணம் வேறு. கையொப்பமிட வேண்டியவர் அன்று முகாமுக்குச் சென்றிருந்தால் மறுநாளும் அவ்வாறே. அக்கையொப்பம் உண்மையில் தேவையானதாயின் இச்செலவைப் பொறுத்துக்கொள்ளலாம். தேவையற்றதாயின், அது ஏழையின்மீது சுமத்தப்பட்ட வரியே ஆகும். அரசின் கருவூலத்துக்கு ஒரு காசும் சேராத வரி.

இத்தகைய விதிகளை எவ்வாறு அடையாளங் காண்பது, அவற்றுள் எதனைக் களைவது, எதனைக் காப்பது, இப்பணியில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் வேளாண் பெருமக்களுக்கும் உள்ள பங்கு யாது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

விதிகள் பிறந்த காலம்

எந்த விதியும் காரணமின்றிப் பிறப்பதில்லை. சென்னை மாகாணத்தில் வருவாய் வாரியம் 1786-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. பரந்த ஜில்லா ஒன்றனை ஒரு சில அதிகாரிகளைக் கொண்டு ஆள வேண்டிய காலம் அது. மக்களின் மொழியை நன்கறியாத மேலதிகாரி, தமக்குக் கீழுள்ளோர் எழுதியனுப்பிய தாள்களைக் கொண்டே முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஆதலால் ஒருவர் எழுத, மற்றொருவர் சரிபார்க்க, மூன்றாமவர் ஒப்பமிட வேண்டும் என்ற முறை வேரூன்றிற்று. வாரியத்தின் நிலை ஆணைகள் என வழங்கிய விதித் தொகுதியும் இத்தேவையையொட்டியே வளர்ந்தது. தமிழ்நாட்டில் வருவாய் வாரியம் 1980-ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. ஆயினும் அவ்வாணைகள் 'வருவாய் நிலை ஆணைகள்' என்னும் பெயருடன் இன்றும் வட்ட அலுவலகங்களுக்கு வழிகாட்டி வருகின்றன.

அலுவலகங்களுக்கு வரும் தபால்களை ஒழுங்குபடுத்துவதற்கென ஏற்பட்ட முறையும் இத்தகையதே. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய டாட்டன்ஹாம் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் பெயரால் அது வழங்குகிறது. வருகின்ற ஒவ்வொரு தபாலுக்கும் ஓர் எண் தரப்படும். உரிய எழுத்தரின் தன்பதிவேட்டில் அது பதியப்படும். முடிவுற்ற கோப்பு எத்தனை ஆண்டுகள் காக்கப்பட வேண்டும் என்பதும் வகுக்கப்படும். அரசுக் கடிதங்களின் தலைப்பில் 'ந.க.எண்' என்று நாம் காண்பது இம்முறையின் அடையாளமே. மனுக் கொடுத்தவர் இவ்வெண்ணைக் கேட்டுப் பெற்று வைத்துக்கொள்வாராயின், தம் தாள் எவரிடம் எந்நிலையில் உள்ளது என்பதை எளிதில் வினவி அறியலாம். பழைய முறை என்பதனாலேயே இது பயனற்றதாகி விடவில்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோமாக.

விதி மூப்படைவது எப்படி?

ஒரு விதி காலங்கடந்ததாவதற்கு நான்கு காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, கருவி மாறுதல். நகலெடுக்கும் பொறி வராத நாளில் சான்றிதழின் நகல் என்பது கையால் எழுதப்பட்டதோ, தட்டச்சு செய்யப்பட்டதோ ஆகும். எழுதும்போது ஓர் எழுத்தோ எண்ணோ பிழைபடக் கூடும்; வேண்டுமென்றே மாற்றவும் கூடும். ஆகவே பொறுப்புள்ள அலுவலர் ஒருவர் மூலத்தையும் நகலையும் ஒப்பிட்டுச் சான்றொப்பமிட வேண்டும் என்ற விதி அறிவுடைமையாகவே இருந்தது. மூலத்தை உள்ளவாறே படியெடுக்கும் பொறி ஊர்தோறும் வந்துவிட்ட பின்னர், ஒப்பிட்டுப் பார்க்கும் அப்பணி பெரும்பாலும் வெறும் முத்திரை குத்தும் சடங்காகிவிட்டது. தேர்வு பெறுவோரிடம் மட்டும் மூலச் சான்றைக் கேட்டுச் சரிபார்ப்பின் போதுமானது. இதனையுணர்ந்தே, மனுதாரர் தாமே ஒப்பமிட்டுத் தரும் நகல்களை ஏற்கும்படி 2014-ஆம் ஆண்டில் மத்திய அரசு தன் துறைகளையும் மாநில அரசுகளையும் கேட்டுக்கொண்டது. தமிழ்நாட்டிலும் அம்முறை ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இரண்டாவது, விதியில் எழுதப்பட்ட தொகை உறைந்து நிற்றல். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தை இதற்குக் காட்டாகக் கூறலாம். மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின், கண்டெடுத்தவர் அதனை ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அந்நாளில் பத்து ரூபாய் என்பது குடியானவர் ஒருவருக்குச் சிறு தொகையன்று. விலைவாசி மாறிற்று, சட்டத்தில் எழுதிய எண் தானாக மாறுவதில்லை. வருமான வரம்பு, அபராதத் தொகை, அலுவலர் ஒருவர் தம் பொறுப்பிலேயே செலவிடத்தக்க தொகை ஆகியவற்றைக் கூறும் விதிகள் அனைத்திற்கும் இக்குறை நேரக் கூடும். தகுதியுள்ள ஏழை ஒருவர், வருமான வரம்பு பல்லாண்டுகளாக உயர்த்தப்படாமையால், ஏடுகளின்படி திடீரெனச் செல்வராகி உதவியை இழப்பதும் உண்டு.

மூன்றாவது, சமுதாயம் மாறுதல். கர்ணம், மணியம் முதலிய கிராமப் பதவிகள் தந்தைக்குப் பின் மைந்தன் எனப் பரம்பரையாக வந்தவை. 1895-ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் அதற்கு அரணாயிற்று. ஊரின் நிலங்களையும் குடிகளையும் நன்கறிந்த குடும்பமே கணக்கை வைத்திருத்தல் நலம் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். குடியரசு மலர்ந்து, அரசுப் பதவிகளில் அனைவருக்கும் சமவாய்ப்பு என்பதை அரசியலமைப்பு உறுதி செய்த பின்னர் அந்நியாயம் நிற்கவில்லை. வம்சாவளியைக் கொண்டு பதவி அளித்தல் செல்லாது என 1960-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் பகுதிநேரக் கிராமப் பதவிகள் தமிழ்நாட்டில் மேலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தன. 1980-ஆம் ஆண்டு நவம்பரில் அவசரச் சட்டத்தின் வாயிலாக அவை ஒழிக்கப்பட்டன. பின்னர் 1981-ஆம் ஆண்டின் சட்டம் அதனை நிலைப்படுத்தியது. 1982-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் அச்சட்டத்தை ஏற்றது. இன்று நாம் காணும் கிராம நிர்வாக அலுவலர் பதவி அச்சீர்திருத்தத்தின் விளைவேயாகும். எளிய குடும்பத்தில் பிறந்த ஆணும் பெண்ணும் தேர்வெழுதி வென்று கிராமக் கணக்கைக் கையில் எடுக்க அது வழி திறந்தது.

நான்காவது, முடிவு செய்யும் அதிகாரம் மக்களுக்கு எட்டாத தொலைவில் இருத்தல். இதனைப் பிறப்புப் பதிவு என்னும் ஒரு பொருளைக்கொண்டு சற்று விரிவாக விளக்குவோம். இது ஒவ்வொரு குடும்பத்தையும் தொடுவது.

பிறப்புப் பதிவு: ஓர் எடுத்துக்காட்டு

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும், இதற்குக் கட்டணமில்லை. 21 நாள் கடந்து 30 நாட்களுக்குள்ளாயின் தாமதக் கட்டணம் செலுத்திப் பதியலாம். இவ்வளவில் சிரமம் ஏதுமில்லை. அதற்கு மேற்பட்டால் என்ன செய்வது என்பதில்தான் பழைய விதி கடுமையாக இருந்தது.

30 நாள் கடந்து ஓராண்டுக்குள் பதிவதாயின், உரிய அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியோடு, நோட்டரி அல்லது அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலர் முன்னிலையில் செய்யப்பட்ட பிரமாணப் பத்திரமும் வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால், முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் விசாரித்து ஆணை பிறப்பித்தாலன்றிப் பதிய இயலாது. பொய்யான வயதைப் பதிவு செய்துகொண்டு சொத்திலோ பணியிலோ உரிமை கோருவோரைத் தடுக்க வேண்டும் என்பதே இவ்விதியின் நோக்கம். நோக்கத்தில் பழுதில்லை. ஆயின் அதன் சுமை எவர்மீது விழுந்தது?

மலையடிவாரக் குடியிருப்பு ஒன்றில் வீட்டிலேயே மகப்பேறு நிகழ்ந்த தாயை எண்ணிப் பாருங்கள். பதிவு செய்ய வேண்டும் என்பதையே அவர் அறியார். குழந்தைக்கு ஐந்து வயதாகிப் பள்ளியில் சேர்க்கும்போதுதான் சான்று வேண்டும் என்ற பேச்சு எழுகிறது. அப்போது அவர் நீதிமன்றத்தை நாட வேண்டும். வழக்கறிஞரை அமர்த்த வேண்டும். பலமுறை நடக்க வேண்டும். வசதி படைத்தோரின் குழந்தைகள் பெரும்பாலும் மருத்துவமனையில் பிறந்து உடனே பதிவாகிவிடுவதால், நீதிமன்றத்துக்கு அனுப்பும் விதி பெரும்பாலும் ஏழைகளையே சென்று தாக்கிற்று. சுமை தாங்காத பெற்றோர் பதிவையே கைவிட்டனர். பொய்ப் பதிவைத் தடுக்க வந்த விதி, இவ்வாறு மெய்ப் பதிவையும் தடுத்துவிட்டது.

2023-ஆம் ஆண்டில் இச்சட்டம் திருத்தப்பட்டது. அத்திருத்தம் அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நோட்டரி முன்னிலையிலான பிரமாணப் பத்திரத்திற்கு மாறாக, மனுதாரர் தாமே சான்றொப்பமிட்ட ஆவணம் போதுமென்றாயிற்று. ஓராண்டு கடந்த பதிவுக்கான ஆணையை மாவட்ட நடுவரோ, உட்கோட்ட நடுவரோ, மாவட்ட நடுவரால் அதிகாரமளிக்கப்பட்ட நிர்வாக நடுவரோ பிறப்பிக்கலாம் என்றாயிற்று. அதாவது, நீதிமன்றப் படிகளுக்கு மாறாக வருவாய்த் துறை அலுவலகத்திலேயே விசாரணை முடிகிறது. உண்மையைச் சரிபார்க்கும் கடமை நீக்கப்படவில்லை. அதனைச் செய்வோர் மக்களுக்கு அருகில் வந்துள்ளனர். இதுவே நல்ல சீர்திருத்தத்தின் இலக்கணம் என்போம்: விதியின் நோக்கம் காக்கப்பட்டது, சுமை குறைக்கப்பட்டது.

இத்திருத்தத்தின் மற்றொரு பகுதியும் நம் கவனத்துக்குரியது. 2023 அக்டோபர் 1-ஆம் நாளிலோ அதன் பின்னரோ பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு, அரசுப் பணி முதலியவற்றில் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றே ஆவணமாக அமைகிறது. எனவே பதிவு தவறிய குழந்தை இனிமேல் முன்னிலும் மிகுதியாக இடர்ப்படும். பெயரின்றிப் பதியப்பட்ட குழந்தைக்கு 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், பின்னர் 15 ஆண்டுகள் வரை கட்டணத்துடனும் பெயர் சேர்க்க விதியுண்டு. ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் வார்டில் பிறக்கும் குழந்தைகள் 21 நாட்களுக்குள் பதியப்படுகின்றனவா என்று வினவி வருவாராயின், பின்னாளில் எந்த நடுவரிடமும் செல்ல வேண்டிய நிலையே எழாது.

பழமை வேறு, பழுது வேறு

சீர்திருத்தம் என்றவுடன் பழையன எல்லாவற்றையும் களைந்துவிட வேண்டும் என்று சிலர் கருதக்கூடும். அது தவறு.

நம் கிராமக் கணக்குகள் பசலி ஆண்டைக் கொண்டு எழுதப்படுகின்றன. இது மொகலாயர் காலத்து வழக்கு. 2025-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் பசலி 1435 தொடங்கிற்று. இதனால் எவருக்கும் துன்பமில்லை. அறுவடையை ஒட்டிய ஆண்டுக் கணக்கு என்பதால் உழவர்க்கு அது இயல்பாகவே பொருந்துகிறது. பசலியாண்டு முடிவையொட்டி நடைபெறும் ஜமாபந்தியோ மேலும் சிறந்த எடுத்துக்காட்டு. கிராமத்திலிருந்து அரசுக்கு வர வேண்டிய நிலவரியைச் சரிபார்ப்பதே அதன் பழைய நோக்கம். நிலவரியின் முக்கியத்துவம் குறைந்துவிட்ட இந்நாளில், பட்டா மாறுதல், உட்பிரிவு, ஆக்கிரமிப்பு முதலியவை பற்றிய மனுக்களை அலுவலர்கள் அமர்ந்து பெறும் வாய்ப்பாக அது மாறியுள்ளது. வடிவம் பழையது, பயன் புதியது. அதனை ஒழிக்க வேண்டுமென்று எந்த விவசாயியும் கேட்பதில்லை.

மேலும், சில விதிகள் அலுவலர்க்கும் தலைவர்க்கும் இடையூறாகத் தோன்றினும் மக்களுக்குக் காவலாக நிற்பவை. கிராம சபைக் கூட்டத்தை முன்கூட்டியே அறிவித்தல், குறைவெண் வரம்பு, வரவு செலவுக் கணக்கைச் சபையில் வைத்தல், ஒப்பந்தப்புள்ளியை வெளிப்படையாகக் கோருதல், வேலைக்கு வந்தோரின் வருகையைப் பதிவேட்டில் குறித்தல் ஆகியவை அத்தகையன. 'நடைமுறையை எளிமையாக்குகிறோம்' என்ற பெயரால் இவற்றைத் தளர்த்தினால், எளிமை ஒருவருக்கும் இழப்பு ஊருக்கும் ஆகிவிடும்.

ஆகவே, ஒரு விதியைக் களைவதா, காப்பதா என்பதை அறிய மூன்று வினாக்களை எழுப்பிப் பார்த்தல் நலம். இவ்விதி எந்தத் தீங்கைத் தடுக்கப் பிறந்தது? அத்தீங்கு இன்றும் உண்டா. உண்டாயின் அதனைத் தடுக்க இதனினும் எளிய வழி உண்டா? இதன் சுமை எவர்மீது விழுகிறது. இதனை நீக்கினால் எவர் பயன்பெறுவர், எவர் காவல் இழப்பர்? சான்றொப்ப விதியையும் பிறப்புப் பதிவு விதியையும் இவ்வினாக்களால் சோதித்தால் அவை மாறியது சரியென்பது விளங்கும். கிராம சபையில் கணக்கு வைக்கும் விதியைச் சோதித்தால் அது நிற்க வேண்டுவதே என்பதும் விளங்கும்.

ஏட்டில் நீங்கியும் வாயிலில் நீங்காதவை

நம் நாட்டில் நிர்வாகச் சீர்திருத்தத்துக்கு முயற்சி இல்லாமலில்லை. முதல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 1966-ஆம் ஆண்டிலும், இரண்டாவது ஆணையம் 2005-ஆம் ஆண்டிலும் அமைக்கப்பட்டன. நிர்வாகச் சட்டங்களை ஆராய 1998-ஆம் ஆண்டில் அமைந்த ஜெயின் ஆணையம், 1,300-க்கும் மேற்பட்ட மத்தியச் சட்டங்களை நீக்கலாமென்று பரிந்துரைத்தது. 2014-ஆம் ஆண்டு முதல் 1,500-க்கும் மேற்பட்ட மத்தியச் சட்டங்கள் நீக்கப்பட்டுள்ளன. இவ்வெண்ணிக்கை பெரியதே. எனினும் அவற்றுள் பல, வேறொரு சட்டத்தைத் திருத்துவதற்கென இயற்றப்பட்டுப் பணி முடிந்தவையும், ஓராண்டுச் செலவுக்கு ஒப்புதல் அளித்து அவ்வாண்டோடு பயன் தீர்ந்தவையுமாகும். ஏடுகளைத் தூய்மை செய்ய அது உதவிற்று. கிராமவாசியின் சுமையோ பெரும்பாலும் சட்டத்தில் இல்லை. சட்டத்தின் கீழ் எழுந்த விதியிலும், விதியின் கீழ் எழுந்த சுற்றறிக்கையிலும், சுற்றறிக்கையோடு இணைந்த படிவத்திலும் இருக்கிறது.

இன்னும் நுட்பமான ஓர் இடர் உண்டு. விதி நீங்கிய பின்னரும் வழக்கம் நீங்குவதில்லை. சான்றொப்பம் வேண்டியதில்லை என்று ஆணையான பிறகும் "எதற்கும் ஒருவரிடம் முத்திரை வாங்கி வாருங்கள்" என்ற சொல் பல இடங்களில் கேட்கிறது. பழைய படிவமே மீண்டும் மீண்டும் படியெடுக்கப்பட்டுப் பயன்படுவதால், நீக்கப்பட்ட நிபந்தனையும் அதில் அழியாமல் நிற்கிறது.

இது ஏன்? எழுத்தரின் தீய எண்ணத்தால் என்று கூறிவிடுவது எளிது. பெரும்பாலும் அது உண்மையன்று. தகுதியில்லாத ஒருவருக்கு உதவி வழங்கப்பட்டால் தணிக்கையில் தடை எழும்; வழங்கியவர் விளக்கம் தர வேண்டும்; தொகையை அவரிடமே வசூலிக்கவும் கூடும். தகுதியுள்ள பத்துப் பேர் அலைக்கழிக்கப்பட்டுத் திரும்பிச் சென்றால் எந்தத் தணிக்கையிலும் அது பதிவாவதில்லை. வழங்கியதற்கு மட்டும் கணக்குக் கேட்டு, மறுத்ததற்குக் கணக்குக் கேளாத முறையில், கூடுதலாக ஒரு தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதே எழுத்தருக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. எனவே தாமதத்திற்கும் கணக்குக் கேட்கும் முறை வந்தாலன்றி விதி நீக்கம் முழுப்பயன் தராது.

இதற்கு வழி கண்ட மாநிலமும் உண்டு. மத்தியப் பிரதேசம் 2010-ஆம் ஆண்டில் பொதுச் சேவைகளுக்கு உறுதியளிக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. இவ்வகையில் இந்தியாவின் முதற்சட்டம் அதுவே. அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு சேவைக்கும் பொறுப்பான அலுவலர் யார், எத்தனை நாட்களுக்குள் அளிக்க வேண்டும், தவறினால் எவரிடம் முறையிடலாம் என்பவற்றை அது வரையறுத்தது. தக்க காரணமின்றித் தாமதம் செய்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும், அதனை மனுதாரருக்கு இழப்பீடாக வழங்கவும் அச்சட்டம் இடமளித்தது. மறுப்பதும் தாழ்த்துவதும் செலவுடையவை என்ற எண்ணம் இதனால் அலுவலகத்தில் உண்டாகிறது.

தமிழ்நாட்டிலும் மனுதாரரின் சொல்லை நம்பி அனுமதி வழங்கும் முறை வளர்ந்து வருகிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டப்படும் குடியிருப்புக்குச் சுயசான்றின் அடிப்படையில் இணையவழியே உடனடி அனுமதி பெறும் திட்டம் 2024-ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கப்பட்டது. நம்பிக்கையை முன்வைத்து அனுமதித்து, பின்னர் பொய்யெனக் கண்டால் நடவடிக்கை எடுப்பதே இம்முறையின் அடிப்படை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். புதிய நடைமுறையும் பிறந்த அன்றே ஒருவருக்குச் சுமையாகலாம். பல்லாண்டு மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த கைகளின் விரல்ரேகையைப் பொறி ஏற்க மறுப்பதை நாம் கண்டிருக்கிறோம். கைப்பேசி எண் மாறியவருக்கு இரகசிய எண் வந்து சேர்வதில்லை. தாள் போய்ப் பொறி வந்ததனாலேயே சீர்திருத்தம் நிறைவுற்றதாகக் கருதலாகாது. பொறி மறுக்கும்போது மனிதர் ஏற்பதற்கு ஒரு மாற்று வழி எழுத்திலேயே இருத்தல் வேண்டும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

விதிகளை மாற்றுவது தலைமைச் செயலகத்தின் வேலை, நமக்கு அதில் என்ன பங்கு என்று ஊராட்சி உறுப்பினர்கள் எண்ணலாகாது. எந்த விதி எங்கே உறுத்துகிறது என்பதை முதலில் அறிபவர்கள் அவர்களே. செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, "எந்த விதியின்படி?" எனப் பணிவோடும் உறுதியோடும் கேட்கப் பழகுதல். ஒரு சான்று வேண்டும் என்று கூறப்படுமிடத்து, அதனைக் கோரும் ஆணை எது என்று எழுத்தில் வினவலாம். தகவல் உரிமைச் சட்டத்தைத் தமிழ்நாடு 1997-ஆம் ஆண்டிலேயே இயற்றியது. இந்திய மாநிலங்களுள் அதுவே முதலாவது. நாடு முழுமைக்குமான 2005-ஆம் ஆண்டின் சட்டம், ஒவ்வொரு பொது அலுவலகமும் தான் பின்பற்றும் விதிகளையும் கையேடுகளையும் தானே வெளியிட வேண்டுமென்றும், தன் முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டோருக்கு அறிவிக்க வேண்டுமென்றும் கூறுகிறது. அதன்படி கேட்ட தகவலுக்கு 30 நாட்களுக்குள் விடை தரப்பட வேண்டும். இல்லாத விதி பெரும்பாலும் இக்கேள்வியைக் கேட்ட அளவிலேயே மறைந்துவிடும். இருக்கும் விதியாயின் அதன் மூலத்தை நாம் அறிந்துகொள்வோம். இரண்டுமே நன்மைதான்.

இரண்டாவது, தம் இல்லத்தைத் தாமே பெருக்குதல். ஊராட்சி அலுவலகத்திலும் ஆணையேதுமின்றி நிலைத்துவிட்ட வழக்கங்கள் இருக்கக்கூடும். வரி செலுத்திய இரசீதின் நகல் ஊராட்சியின் பதிவேட்டிலேயே இருக்க, அதனை மனுதாரரிடம் மீண்டும் கேட்பது ஏன்? ஊராட்சியே வழங்கிய ஆவணத்தை ஊராட்சிக்கே நகலெடுத்துத் தரச் சொல்வது எதற்கு? இவற்றை நீக்க மேலிடத்து அனுமதி வேண்டியதில்லை.

மூன்றாவது, அறிவிப்புப் பலகை. ஒவ்வொரு சேவைக்கும் வேண்டிய ஆவணம் எவை, கட்டணம் எவ்வளவு, எத்தனை நாள், பொறுப்பாளர் யார் என்று நான்கே பத்திகளில் எளிய தமிழில் எழுதி வைத்தால், இடையில் நின்று விளக்கம் கூறிப் பணம் பறிப்போருக்கு வேலையில்லை. ஆட்சிமொழிச் சட்டம் 1956-ஆம் ஆண்டிலேயே நிறைவேறியதன் பயன், மக்கள் படித்துப் பொருள் கொள்ளும் தமிழில் அலுவலகம் பேசினால்தான் கைகூடும்.

நான்காவது, கிராம சபைத் தீர்மானம். ஆண்டுக்கு நான்கு நாட்களாக இருந்த கிராம சபைக் கூட்டங்கள் 2022-ஆம் ஆண்டில் ஆறாக உயர்த்தப்பட்டன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இக்கூட்டங்களில் "விதிகளை எளிமையாக்க வேண்டும்" என்று பொதுப்படத் தீர்மானம் இயற்றினால், அது கோப்பில் ஒரு தாளாகவே தங்கிவிடும். தீர்மானம் குறிப்பாக அமைதல் வேண்டும். இன்ன சேவைக்கு இன்ன ஆவணம் கேட்கப்படுகிறது. அதனைப் பெற நம் ஊரார் இத்தனை கல் தொலைவு செல்ல வேண்டியுள்ளது. கடந்த ஆண்டில் இத்தனை பேர் சென்றனர். அதே உண்மை இன்ன பதிவேட்டில் ஏற்கெனவே உள்ளது. ஆதலால் அந்த ஆவணத்தைக் கேளாது அப்பதிவேட்டைப் பார்த்தே முடிவு செய்யலாம் என்று எழுதுங்கள். இவ்வாறு எண்ணும் காரணமும் மாற்று வழியும் கொண்டு வரும் தீர்மானத்தை மேலனுப்புவது எம் போன்ற வட்டார வளர்ச்சி அலுவலர்க்கும் எளிது. அதனை மறுக்க விரும்புவோர்க்குத்தான் கடினம்.

ஐந்தாவது, ஒரு விதி நீங்கியதாக அறிவிப்பு வந்தால் அதனைச் சபையில் உரக்கப் படித்துக் காட்டுதல். அரசு களைந்த சுமையை மக்கள் அறியாமையால் தொடர்ந்து சுமப்பது வருந்தத்தக்கது. பிறப்புப் பதிவுத் திருத்தத்தை இன்னும் கேள்வியுற்றிராத குடியிருப்புக்கள் நம் ஒன்றியங்களில் இருத்தல் கூடும். அடுத்த கிராம சபையில் முதற்பொருளாக அதனையே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு விதி அரசிதழில் நீக்கப்பட்ட நாளில் பாதி வேலையே முடிகிறது. கடைக்கோடிக் குடியிருப்பிலிருந்து வரும் மூதாட்டி ஒருவர் நம் மேசையின் முன் நின்று, தேவையற்ற தாள் ஒன்று கேட்கப்படாமல், வந்த வேலை முடிந்து அன்றைய பேருந்திலேயே ஊர் திரும்பும் நாளில்தான் அது உண்மையில் நீங்கியதாகும். அந்நாளை விரைவில் காண, அலுவலரும் ஊராட்சியும் கிராம சபையும் ஒருங்கே முயல்வோமாக.